எண் இங்கிருந்து, டேட்டா அங்கிருந்து

வெளிநாட்டுக்குக் கிளம்புகிற எவரும் பெட்டி கட்டும்போது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: போனுக்கு என்ன செய்வது? வழக்கத்தில் இருக்கும் பதில்கள் நான்கு. இங்குள்ள நிறுவனத்திடமே ரோமிங் பேக் போட்டுக்கொள்ளலாம். போய் இறங்கியதும் அந்த நாட்டு சிம் வாங்கலாம். கிளம்பும் முன்பே பயண இ-சிம் ஒன்றை வாங்கிப் போனில் ஏற்றிக்கொள்ளலாம். எதுவுமே வேண்டாம், ஓட்டல் வைஃபை போதும் என்றும் இருந்துவிடலாம். இவற்றில் எது மேல் என்று பேசுகிறவர்கள் ஒரு ஜிபிக்கு எத்தனை ரூபாய் என்ற ஒரே கணக்கைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். அந்தக் கணக்கு அவசியம். ஆனால் இந்தியாவிலிருந்து போகிறவருக்கு அது பாதிக் கணக்குதான். மீதிப் பாதியை விட்டுவிட்டுச் சொல்லும் யோசனை, பணத்தை மிச்சம் பிடித்துக்கொடுத்துவிட்டு ஆளை நடுத்தெருவில் நிறுத்திவிடும்.

மூன்று கேள்விகளை வைத்து இந்த நான்கு வழிகளையும் எடைபோடலாம். போன இடத்தில் நம் இந்திய எண் உயிரோடு இருக்கிறதா? டேட்டா போதுமான அளவில், நியாயமான விலையில், தடையில்லாமல் கிடைக்கிறதா? நாம் கவனிக்காமல் ஏதாவது தவறிவிட்டால் அதிகபட்சம் எவ்வளவு இழப்போம்? விலை இரண்டாவது கேள்வியில் ஒரு பகுதி மட்டுமே. முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் அதே அளவு கனமானவை.

எண்ணின் கனம்

இருபது ஆண்டுகளுக்கு முன் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டு உள்ளூர் சிம் போட்டவருக்குப் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஊரிலிருந்து அழைப்பவர்கள் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வார்கள். இன்று நிலைமை வேறு. இணையத்தில் கார்டு வழியாகப் பணம் கட்டும்போது இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கியது. நடைமுறையில் அது எஸ்.எம்.எஸ். மூலம் வரும் ஓடிபியாக நிலைத்துவிட்டது. ஓடிபி அல்லாத வேறு முறைகளையும் ஊக்குவிக்கும் புதிய விதிகளை 2025 செப்டம்பரில் வங்கி வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அவை நடப்புக்கு வருவதாக அறிவித்தது. ஆனால் அந்த விதிகள் எஸ்.எம்.எஸ். ஓடிபியை ஒழித்துவிடவில்லை. பழகிய வங்கிகளும் பழகிய வாடிக்கையாளர்களும் அதை ஒரே நாளில் கைவிடப்போவதும் இல்லை.

வாட்ஸ்அப்பின் கதையும் இந்தப் பக்கமே வந்துவிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகள், அவற்றில் பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று உத்தரவு பிறப்பித்தது. சிம் போனுக்குள் இருந்தால் ரோமிங்கில் இருப்பவருக்குப் பாதிப்பில்லை என்பதுதான் அரசின் விளக்கம். சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைப்பவருக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை.

யூபிஐயும் அப்படியே. 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையிலும் மொரீஷியஸிலும் யூபிஐ அறிமுகமானது. கொழும்புக் கடையில் க்யூஆர் ஒட்டியிருக்கலாம். அதை ஸ்கேன் செய்து பணம் அனுப்ப இந்திய எண்ணோடு பிணைந்த செயலி வேண்டும், அந்த நொடியில் டேட்டாவும் வேண்டும். பல வங்கிச் செயலிகள் சிம்மைக் கழற்றிய போனை அடையாளம் தெரியாத போனாகவே நடத்தி, மறுபடி பதிவு செய்யச் சொல்கின்றன. மறுபதிவுக்கு இந்திய எண்ணிலிருந்தே எஸ்.எம்.எஸ். போக வேண்டும்.

ஆக, எண் என்பது நம் அடையாளம். டேட்டா என்பது நாம் விலைக்கு வாங்கும் சரக்கு. இரண்டையும் ஒரே இடத்தில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நான்கு வழிகளையும் இந்த நினைப்போடு பார்க்கலாம்.

ரோமிங் பேக்: நிம்மதிக்குக் கொடுக்கும் விலை

ரோமிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் நல்லதும் கெட்டதும் தானாக விளங்கும். சிங்கப்பூரில் இருக்கும் நம் போன் அங்குள்ள டவரைத்தான் பிடிக்கிறது. ஆனால் நாம் கேட்கும் பக்கம் அங்கிருந்து நேரே இணையத்துக்குப் போவதில்லை. பெரும்பாலும் அது இந்தியாவிலுள்ள நம் நிறுவனத்தின் வலையமைப்புக்கு வந்து, அங்கிருந்து இணையத்துக்குப் போய், அதே வழியில் திரும்புகிறது. தூரம் கூடுவதால் வேகம் சற்றுக் குறையும். மறுபக்கம், இணையத்தின் கண்ணுக்கு நாம் இந்தியாவில் இருப்பவராகவே தெரிகிறோம். கூகுளும் வாட்ஸ்அப்பும் தடுக்கப்பட்ட சீனாவில், வெளிநாட்டு சிம்மோடு ரோமிங்கில் இருப்பவருக்கு அவை வேலை செய்வதன் காரணம் இதுதான். உள்ளூர் வலையமைப்பில் வாட்ஸ்அப் அழைப்புகளைத் தடுத்து வைத்திருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இந்த வேறுபாடு பயணிக்கு உதவக்கூடும்.

முதல் கேள்விக்கு ரோமிங் பேக் முழு மதிப்பெண் வாங்குகிறது. எண் மாறுவதில்லை, ஓடிபி வந்து சேர்கிறது, போனில் எதையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. சிக்கல் வந்தால் நம் மொழியில் பேசும் உதவி மையம் இருக்கிறது. தனியாகப் பயணம் செய்யும் மூத்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது கேள்வியில்தான் அது சறுக்குகிறது. 2022 டிசம்பரில் ஏர்டெல் தன் வேர்ல்ட் பாஸைக் கொண்டுவந்தபோது 184 நாடுகளுக்கும் ஒரே பேக் என்று அறிவித்தது. நாட்டுக்கு நாடு வேறு பேக் தேடும் தொல்லையை அது நீக்கியது. அந்த அளவில் நல்ல மாற்றம். ஆனால் தொடக்க விலையைப் பாருங்கள்: ஒரு நாளுக்கு 649 ரூபாய், அதில் கிடைத்த டேட்டா 500 எம்பி. உள்நாட்டில் ஒரு ஜிபி பத்து ரூபாயைச் சுற்றியே கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு நிமிடத்துக்கு அரை எம்பி அளவுதான் எடுக்கும். வீடியோ அழைப்பு சுமார் ஐந்து எம்பி எடுக்கும். அதாவது 500 எம்பி என்பது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வீடியோ அழைப்பு. வழி பார்ப்பதற்கும் செய்தி அனுப்புவதற்கும் அது தாராளம். எடுத்த படங்களைப் போன் தானாகவே கிளவுடில் ஏற்றத் தொடங்கினால் காலைச் சிற்றுண்டிக்குள் தீர்ந்துவிடும்.

மூன்றாவது கேள்வியில் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். பேக் தீர்ந்த பிறகோ பேக் செல்லாத வலையமைப்பிலோ டேட்டா ஓடினால், அது சாதாரண ரோமிங் கட்டணத்தில் ஏறக்கூடும். கப்பலிலும் விமானத்திலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் வலையமைப்புகள் பல நேரம் நாட்டுப் பேக்கில் சேராது. வெளிநாடு போகாமலே கூட இது நேரலாம். தலைமன்னாரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் தனுஷ்கோடியில் போன் இலங்கை சிக்னலைப் பிடித்து வரவேற்புச் செய்தி காட்டுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். டேட்டா ரோமிங் திறந்திருக்கும் போனுக்கு இந்திய மண்ணில் நிற்கிறோம் என்பது தெரியாது.

உள்ளூர் சிம்: மலிவு, வேகம், ஒரு நிபந்தனை

டேட்டாவை மட்டும் பார்த்தால் உள்ளூர் சிம்மை மிஞ்ச எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் போகும் கட்டுநாயக்க, சாங்கி, கோலாலம்பூர், பாங்காக் விமான நிலையங்களில் வெளியே வரும் வழியிலேயே கவுண்டர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் காட்டினால் பதிவு செய்து, சிம்மைப் போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்தே கொடுத்துவிடுகிறார்கள். டேட்டா அந்த நாட்டிலிருந்தே இணையத்துக்குப் போவதால் வேகமும் நன்றாக இருக்கும். அந்த நாட்டு எண் ஒன்று கையில் இருப்பதால் டாக்சி ஓட்டுநர் அழைக்கலாம், விடுதிக்காரர் தேடலாம்.

இதன் பெரிய நற்குணம் ஒன்றை விலைப்பட்டியல் போடுகிறவர்கள் சொல்வதில்லை. இது ப்ரீபெய்டு. கொடுத்த காசு தீர்ந்தால் டேட்டா நிற்கும். ஊர் திரும்பிய பிறகு பில் எதுவும் துரத்தாது. தவறினால் எவ்வளவு இழப்போம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

குறைகளும் உண்டு. விமான நிலையக் கவுண்டரில் விலை ஊருக்குள் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம். நள்ளிரவில் இறங்கினால் கவுண்டர் மூடியிருக்கலாம். எல்லா நாடும் சிங்கப்பூர் போல எளிதும் இல்லை. ஜப்பானில் குறுகிய காலப் பயணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் டேட்டா மட்டுமே தரும் சிம். பேசும் எண் எளிதில் கிடைக்காது. ஜெர்மனியில் 2017 முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். மூன்று நாடுகளைப் பத்து நாளில் சுற்றுகிறவர் ஒவ்வோர் எல்லையிலும் சிம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் மட்டும் இதற்கு விலக்கு. காரணத்தைப் பின்னால் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான நிபந்தனை, போனில் இரண்டாவது இடம் வேண்டும். ஒரே சிம் போடும் போனில் உள்ளூர் சிம் நுழைந்தால் இந்திய எண் வெளியேறும். மேலே சொன்ன காரணங்களால் அது இன்று ஏற்க முடியாத விலை.

இ-சிம்: வசதி பெரிது, கேள்விகளும் பெரிது

இந்த இடச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் இ-சிம். ஐபோனில் 2018-இல் வந்தது. 2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் போடும் தட்டே இல்லை. க்யூஆரை ஸ்கேன் செய்தால் போதும். இந்திய சிம் தன் இடத்திலேயே இருக்க, வெளிநாட்டு டேட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் தரும் தொழில்நுட்பம் இது. ஆனால் தொழில்நுட்பம் வேறு, அதை விற்கும் கடை வேறு. பலர் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

பயண இ-சிம் விற்கும் செயலிகளில் பலவற்றுக்குச் சொந்த டவர் கிடையாது. ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் இணைப்பை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கின்றன. அதனால் தாய்லாந்தில் இருக்கும் நம் டேட்டா மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகச் சுற்றிப் போகலாம். இப்படிச் சில இ-சிம்களின் டேட்டா, வாங்கியவருக்குத் தெரியாமலேயே சீனா உள்ளிட்ட பிற நாட்டு வலையமைப்புகள் வழியாகச் செல்வதை அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் எடுத்துக்காட்டினார்கள். நாம் அனுப்பும் செய்திகள் பெரும்பாலும் பூட்டப்பட்டே போவதால் உள்ளடக்கம் அப்படியே வெளியாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாம் எந்த வழியாகப் போகிறோம் என்பதைச் சொல்லாமல் விற்பது நேர்மையான வியாபாரம் இல்லை. ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லையும் இப்படியே பார்க்க வேண்டும்: பல பேக்குகளில் நாள்தோறும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகம் நடைவேகத்துக்குக் குறைந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவை பேசும் எண்ணும் தருவதில்லை. உள்ளூர் எண்ணுக்கு ஓடிபி அனுப்பும் செயலிகளில் அதனால் சிக்கல் வரும்.

இந்தியாவில் சட்டத்தின் கேள்வியும் இருக்கிறது. வெளிநாட்டு சிம்மை இங்கே விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாமல் விற்றதாக ஏராலோ, ஹோலாஃப்லை என்ற இரண்டு பெரிய நிறுவனங்களின் செயலிகளையும் தளங்களையும் 2024 ஜனவரியில் அரசு தடுத்தது. சைபர் மோசடிகளுக்கு இத்தகைய எண்கள் பயன்படுவதைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் பயணிக்கு மிஞ்சிய பாடம் எளிது: சான்று பெற்ற இந்திய விற்பனையாளரிடம் வாங்குங்கள், அல்லது போகும் நாட்டின் சொந்த நிறுவனமே தரும் இ-சிம்மை அங்கே போய் வாங்குங்கள். இரண்டாவது வழிதான் மேல். அதில் டவரும் விற்பவரும் ஒருவரே என்பதால் பொறுப்பு யாருடையது என்ற சந்தேகம் எழாது.

நம் நாட்டில் அதிகம் விற்கும் குறைந்த விலை போன்களில் பெரும்பாலானவற்றில் இ-சிம் வசதி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அவற்றில் இரண்டு சிம் போடும் இடம் பொதுவாக இருக்கும். இரண்டாவது இடத்தில் உள்ளூர் சிம்மைப் போட்டால் பலன் ஒன்றுதான்.

வைஃபையைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. ஓட்டலிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில்தான் பயணிக்கு இணைப்பு தேவை. அங்கேதான் வைஃபை இருக்காது. பெரிய கோப்புகளை இறக்கவும், கூகுள் மேப்ஸில் அந்த ஊரின் வரைபடத்தை ஆஃப்லைனில் எடுத்துவைக்கவும், படங்களைக் கிளவுடில் ஏற்றவும் அது நல்ல துணை. அதை மட்டுமே நம்பிப் போவது, அவசரம் வரும் நேரத்தில் கையை விரிக்கும் ஏற்பாடு.

தீர்ப்பு

மூன்று கேள்விகளையும் சேர்த்து எடைபோட்டால் விடை ஒரே வழியில் இல்லை, இரண்டு வழிகளின் சேர்க்கையில் இருக்கிறது. இந்திய சிம் போனுக்குள் உயிரோடு இருக்கட்டும். ஆனால் அதன் டேட்டா மூடியிருக்கட்டும். டேட்டாவை அந்த நாட்டு நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம்மிலோ இ-சிம்மிலோ வாங்குங்கள். ஐந்தாறு நாளுக்கு மேல் ஒரே நாட்டில் தங்கும் எவருக்கும் இதுவே சிறந்தது.

இந்த ஏற்பாடு தானாக அமையாது. கிளம்பும் முன் சில வேலைகள் உண்டு. இந்திய எண்ணின் ரீசார்ஜ் திரும்பி வரும் நாள்வரை செல்ல வேண்டும். எஸ்.எம்.எஸ். வருவதற்கு ரோமிங் சேவை இயக்கத்தில் இருக்க வேண்டும். உள்வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. உள்வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு, ஆகவே அழைப்பவரிடம் வாட்ஸ்அப்பில் வரச்சொல்வது நல்லது. இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி பல போன்களில் இருக்கிறது. அதையும் அணைத்துவைப்பது கூடுதல் பாதுகாப்பு. கடைசியாக, பழைய போனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: மலேசியா 2021 இறுதியிலும் சிங்கப்பூர் 2024-லும் 3ஜியை மூடிவிட்டன. 4ஜியில் பேசும் வசதி இல்லாத போனில் அங்கே அழைப்பே வராமல் போகலாம்.

விலக்குகளையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று நாள் பயணம், சில நாளில் பல நாடுகள், சீனா, ஒற்றை சிம் போன் ஆகியவற்றுக்கு ரோமிங் பேக்கே சரி. மகனையோ மகளையோ பார்க்கத் தனியாகப் போகும் பெற்றோருக்கும், குறைந்தது போய்ச் சேரும் நாளுக்காவது, ரோமிங் பேக் போட்டுக் கொடுங்கள். விமான நிலையத்தில் சிம் மாற்றத் தடுமாறும் ஒரு மணி நேரத்தைவிட அந்தச் செலவு மேல். பயண இ-சிம் செயலிகளுக்கு மூன்றாம் இடம்: சான்று பெற்ற விற்பனையாளராக, வேக வரம்பையும் டேட்டா போகும் வழியையும் தெளிவாகச் சொல்பவராக இருந்தால் மட்டும்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. இவ்வளவு எச்சரிக்கையும் பயணியின் தலையில் ஏன் விழ வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் விழவில்லை. அங்கே 2012-இல் ஒரு எம்பிக்கு 70 சென்ட் வரை வாடிக்கையாளரிடம் வாங்க அனுமதி இருந்தது. 2017 ஜூன் 15 முதல், ஒன்றியத்துக்குள் எந்த நாட்டுக்குப் போனாலும் நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள் சொந்த நாட்டு விலைதான். நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கும் மொத்த விலைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள்: 2017-இல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ, 2025-இல் 1.30 யூரோ. அதற்கும் முன்பே, 2010 முதல், ரோமிங் டேட்டா பில் 50 யூரோவைத் தொட்டால் வாடிக்கையாளர் வேறு சொல்லாதவரை இணைப்பை நிறுத்த வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. நிறுவனங்கள் நொடித்துப்போகவில்லை. அந்தச் சட்டம் 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இந்தியா அதை அப்படியே பெயர்த்துவர முடியாது என்பது உண்மை. ஐரோப்பாவில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான சட்டம் உண்டு. நமக்கும் சிங்கப்பூருக்கும் இல்லை. 2024-இல் இந்தியாவிலிருந்து வெளியே போனவர்கள் சுமார் 3 கோடி, இங்கே வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடி. போகிறவர்கள் அதிகமாக இருக்கும்போது நம் நிறுவனங்கள் வெளியே கொடுக்கும் பணமும் கூடும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வாதம் மொத்த விலையைக் குறைக்கப் பேச வேண்டும் என்பதற்குத்தான் காரணமாகிறது, சும்மா இருப்பதற்கு அல்ல. 100 கோடிக்கும் மேற்பட்ட செல்போன் இணைப்புகள் உள்ள நாடு பேச்சு மேசையில் வெறுங்கையோடு உட்காரவில்லை. 2023 பிப்ரவரி 21 அன்று யூபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் அரசுகள் இணைத்தன. இரண்டு நாட்டு வங்கிகளின் பணத்தையே நொடியில் கைமாற்ற முடிந்த அரசுகளுக்கு, இரண்டு நாட்டு டவர்களின் மொத்த விலையைப் பேசி முடிப்பது ஆகாத காரியம் இல்லை.

இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகிய நான்கு நாடுகளோடு தொடங்கலாம். கூடவே, எந்த இந்திய எண்ணாக இருந்தாலும் ரோமிங் டேட்டா பில் ஒரு தொகையைத் தொட்டதும் தானாக நிற்கும் உச்சவரம்பு வேண்டும். அதை நீக்கும் உரிமை வாடிக்கையாளரிடம் மட்டும் இருக்க வேண்டும். வங்கியும் பணமும் செய்தியும் ஒரு எண்ணோடு பிணைக்கப்பட வேண்டும் என்று விதி செய்த அரசுக்கு, அந்த எண் எல்லை தாண்டும்போது நியாயமான விலையில் வேலை செய்யவைக்கும் கடமையும் உண்டு. அது நிறைவேறும்வரை, எண் இங்கிருந்தும் டேட்டா அங்கிருந்தும் என்பதே பயணிக்கு நான் சொல்லக்கூடிய சரியான வழி.